டாலர் பற்றாக்குறைக்கு நடுவே இடதுசாரி அரசுகள் வளர்ச்சியைத் தேட முடியுமா? இலங்கை முன்னால் இருக்கும் பாடங்கள்

இலங்கையில் 2024 செப்டம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க வென்றபோது, யாரும் அதைச் சாதாரண ஆட்சி மாற்றமாகப் பார்க்கவில்லை. 1971-லும் 1987-89-லும் ஆயுதக் கிளர்ச்சி நடத்திய ஜனதா விமுக்தி பெரமுனவின் தலைவர், வாக்குப்பெட்டி வழியாக நாட்டின் உச்சப் பதவிக்கு வந்திருந்தார். அடுத்த இரண்டு மாதத்தில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவரது தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159-ஐப் பிடித்தது. யாழ்ப்பாணம் மாவட்டத்திலும் அதற்கே முதலிடம்.

இவ்வளவு பலம் கையில் இருந்தும் புதிய அரசு முதலில் எடுத்த பெரிய முடிவு என்ன? சர்வதேச நாணய நிதியத்துடன் முந்தைய அரசு போட்ட ஒப்பந்தத்தைத் தொடர்வது. மறுபேச்சு நடத்துவோம் என்று தேர்தலுக்கு முன் சொன்ன கட்சி, ஆட்சிக்கு வந்ததும் அதே இலக்குகளை ஏற்றுக்கொண்டது. "இதுக்கா ஓட்டுப் போட்டோம்?" என்று ஒரு பக்கம் கோபம். "வேற வழியே இல்லை" என்று இன்னொரு பக்கம் சமாதானம்.

இந்த இரண்டு பேச்சும் ஒரு விஷயத்தைத் தவறவிடுகின்றன. வெளிநாட்டுக் கடனும் டாலர் பற்றாக்குறையும் ஓர் அரசு மொத்தமாக எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்கு எல்லை போடுகின்றன. ஆனால் அந்தப் பணத்தை யாரிடம் வாங்குவது, எதில் போடுவது என்பதை அவை முழுசாகத் தீர்மானிப்பதில்லை. இடதுசாரி அரசு இடதுசாரியாக இருக்கிறதா என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும்.

எங்கே இடிக்கிறது?

ஓர் அரசு குறைந்தபட்சக் கூலியை உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மக்கள் கையில் காசு புழங்கும். கடைகளில் வியாபாரம் கூடும். கம்பெனிகள் ஆள் எடுக்கும். பாடப்புத்தகம் சொல்லும் கதை இதுதான். பெரிய நாடுகளில் ஓரளவு இது நடக்கவும் செய்யும்.

சின்ன நாட்டில் கதை பாதியில் திரும்பிவிடும். கூடுதலாகச் செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 30 ரூபாய் பெட்ரோல், மருந்து, பால்மா, செல்போன் என்று இறக்குமதிப் பொருட்களுக்குப் போகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், அந்த 30 ரூபாயையும் டாலராகத்தான் கட்ட வேண்டும். டாலர் போதாவிட்டால் ரூபாய் மதிப்பு சரியும். ரூபாய் சரிந்தால் பெட்ரோல் ஏறும். பெட்ரோல் ஏறினால் எல்லாமே ஏறும். கடைசியில் உயர்த்திக் கொடுத்த கூலியை விலைவாசி தின்றுவிடும்.

பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஆன்டனி தேர்ல்வால் 1979-ல் இதை ஒரு விதியாகவே எழுதினார். ஒரு நாடு எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதை, நீண்ட காலத்தில், அதன் ஏற்றுமதி வருமானம் எவ்வளவு இறக்குமதியைத் தாங்கும் என்பதே முடிவு செய்யும் என்பது அதன் சாரம். உள்ளூர் நாணயத்தை அரசு அச்சடித்துக்கொள்ளலாம். டாலரை அச்சடிக்க முடியாது. சம்பாதிக்க வேண்டும், இல்லாவிட்டால் கடன் வாங்க வேண்டும்.

கடன் வாங்கினால் இரண்டாவது பூட்டு விழும்: கடன் கொடுத்தவரின் நிபந்தனை. மூன்றாவது பூட்டு, ஓடிப்போகும் மூலதனம். புதிய அரசின் கொள்கை பிடிக்காவிட்டால் முதலீட்டாளர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தேர்தல் முடிவு வருவதற்கு முன்பே கிளம்பியதும் உண்டு.

பிரான்ஸ் 1981: வேகமாகப் போய்த் திரும்பிய அரசு

இந்தப் பூட்டுகள் ஏழை நாடுகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1981 மே மாதம் பிரான்ஸில் சோஷலிஸ்ட் தலைவர் பிரான்சுவா மித்தரான் அதிபரானார். குறைந்தபட்சக் கூலி 10% உயர்ந்தது. சம்பளத்துடன் ஐந்தாவது வார விடுப்பு வந்தது. வார வேலை நேரம் 40-லிருந்து 39 மணியாகக் குறைந்தது. பெரிய வங்கிகளும் தொழில் குழுமங்களும் அரசுடைமையாயின.

அந்த நேரத்தில் அண்டை நாடுகள் எல்லாம் சிக்கனத்தில் இருந்தன. அமெரிக்காவில் வட்டி உச்சத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கையில் வந்த காசில் கணிசமான பங்கு ஜெர்மன் பொருட்களை வாங்கப் போனது. வர்த்தகப் பற்றாக்குறை பெருகியது. 1981 அக்டோபர், 1982 ஜூன், 1983 மார்ச் என்று மூன்று முறை பிராங்க் நாணயத்தின் மதிப்பைக் குறைக்க வேண்டி வந்தது. மூன்றாவது முறை கூடவே சிக்கனத் திட்டமும் வந்தது. வெளிநாடு சுற்றுலா போகிறவர்கள் ஆண்டுக்கு 2,000 பிராங்குக்கு மேல் எடுத்துப் போகக் கூடாது என்ற கட்டுப்பாடுகூடப் போடப்பட்டது.

மித்தரான் தோற்றதற்குக் காரணம் கூலியை உயர்த்தியது மட்டும் என்று சொல்வது சரியல்ல. கேட்பைக் கூட்டிய அரசு, அந்தக் கேட்புக்குத் தேவையான வெளிநாட்டு நாணயம் எங்கிருந்து வரும் என்பதற்கு விடை வைத்திருக்கவில்லை. ஐரோப்பிய நாணய முறைக்குள் பிராங்கின் மதிப்பையும் ஏறத்தாழ நிலையாக வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் சேர்ந்துகொண்டது. இரண்டு ஆண்டுகளில் பாதை திரும்பிவிட்டது.

பிரேசில் 2003: முதலில் மூச்சு, பிறகு ஓட்டம்

2002-ல் பிரேசில் தேர்தலில் லூலா முன்னணியில் இருக்கிறார் என்று தெரிந்ததுமே முதலீட்டாளர்கள் பதறினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு டாலருக்கு 4 ரியால் என்ற அளவை நெருங்கி நாணயம் விழுந்தது. அதற்கு முன்பே, ஜூன் மாதம், ஒப்பந்தங்களை மதிப்போம் என்று மக்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டிருந்தார் லூலா. பதவிக்கு வந்தபின் ஐ.எம்.எஃப் கேட்டதைவிடக் கடுமையாக நடந்துகொண்டார். வட்டி போக மிச்சம் பிடிக்க வேண்டிய உபரி இலக்கு 3.75%. லூலா அரசு அதை 4.25% ஆக்கியது. மத்திய வங்கி வட்டி 26.5% வரை போனது. 2003-ல் பொருளாதாரம் வெறும் 1.1% வளர்ந்தது. சொந்தக் கட்சிக்குள்ளேயே துரோகி என்ற பேச்சு எழுந்தது.

ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் போல்சா ஃபமீலியா என்ற குடும்ப உதவித்தொகைத் திட்டமும் தொடங்கியது. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் போனது. 2006-க்குள் 1.1 கோடிக் குடும்பங்கள் அதில் சேர்ந்தன. செலவு நாட்டின் உற்பத்தி மதிப்பில் சுமார் அரை சதவீதம்தான். ஏழைகள் அந்தப் பணத்தைப் பெரும்பாலும் உள்ளூர் உணவுப் பொருட்களுக்கே செலவழித்ததால் டாலர் வெளியே ஓடவும் இல்லை.

அதிர்ஷ்டமும் இருந்தது. சீனா இரும்புத் தாதுவையும் சோயாவையும் அள்ளி வாங்கியது. கவனிக்க வேண்டியது, வந்த டாலரை பிரேசில் என்ன செய்தது என்பதைத்தான். 2005 டிசம்பரில் ஐ.எம்.எஃப் கடன் 1,550 கோடி டாலரைக் கெடுவுக்கு முன்பே கட்டி முடிப்பதாக அறிவித்தது. 2002 இறுதியில் சுமார் 3,800 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2008-ல் 20,000 கோடியைத் தொட்டது. அதே 2008-ல் உலக நிதி நெருக்கடி வந்தபோது யாரிடமும் கையேந்தாமல் அரசு செலவைக் கூட்ட முடிந்தது. 2010-ல் வளர்ச்சி 7.5%.

குறையும் உண்டு. வரிச்சுமை ஏழைகள் மேல் அதிகமாக இருந்த நிலையை லூலா அப்போது மாற்றவில்லை. மாதம் 5,000 ரியால் வரை வருமான வரி விலக்கு, பெரும் பணக்காரர்களுக்குக் குறைந்தபட்ச வரி என்ற சட்டத்தில் அவர் கையெழுத்திட்டது 2025 நவம்பரில். அதற்கு மூன்றாவது முறை அதிபராக வேண்டியிருந்தது.

பொலிவியா: வந்த காசு நின்றபோது

கையிருப்பு சேர்த்துவிட்டால் போதுமா? பொலிவியாவின் பதில்: போதாது.

2006-ல் ஆட்சிக்கு வந்த ஈவோ மொராலெஸ், மே தினத்தன்று இயற்கை எரிவாயுத் துறையை அரசின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார். எரிவாயு வருமானம் பள்ளிக் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உதவித்தொகையாகப் போனது. கடும் வறுமையில் இருந்தோர் விகிதம் பத்தாண்டுக்குள் பாதிக்கும் கீழே வந்தது. 2014-ல் கையிருப்பு 1,500 கோடி டாலரைத் தாண்டியது. சின்ன நாட்டுக்கு இது பெரிய சாதனை.

அதன்பின் எரிவாயு விலை விழுந்தது; உற்பத்தியும் குறைந்தது. புது வயல்கள் தேடப்படவில்லை. எரிவாயுவுக்கு மாற்றாக டாலர் ஈட்டும் இன்னொரு தொழிலும் வளரவில்லை. ஆனால் ஒரு டாலருக்கு 6.96 பொலிவியானோ என்ற விகிதத்தை 2011 முதல் அரசு பிடித்து வைத்திருந்தது. பெட்ரோல் லிட்டர் 3.74 பொலிவியானோ என்ற மானிய விலையையும் விடவில்லை. கையிருப்பு கரைந்து 2023-ல் 200 கோடிக்கும் கீழே போனது. டீசலுக்கு லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. 2025-ல் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆண்ட கட்சி அந்த ஆண்டுத் தேர்தலில் துடைத்தெறியப்பட்டது.

பங்கிட்டுக் கொடுத்தது பொலிவியாவின் தவறு அல்ல. நல்ல காலத்தில் அடுத்த டாலர் ஊற்றைத் தோண்டாமல் விட்டதுதான் தவறு.

சிலி: வரியும் வாசல் காவலும்

1990-ல் சிலியில் ராணுவ ஆட்சி முடிந்து மைய-இடது கூட்டணி வந்தது. அதிபர் பத்ரீசியோ ஐல்வின் அரசு முதல் ஆண்டிலேயே எதிர்க்கட்சியுடன் பேசி வரியை உயர்த்தியது. கம்பெனி வரி 10-லிருந்து 15%, மதிப்புக்கூட்டு வரி 16-லிருந்து 18%. கூடுதல் வருமானம் சமூகச் செலவுக்குப் போனது. கடன் வாங்கிச் செலவழிக்கவில்லை. வரி வாங்கிச் செலவழித்தது.

இன்னொரு வேலையையும் அது செய்தது. 1991 முதல், குறுகிய காலத்துக்கு உள்ளே வரும் வெளிநாட்டுப் பணத்தில் ஒரு பங்கை வட்டியில்லாமல் மத்திய வங்கியில் வைப்புச் செய்ய வேண்டும் என்று விதித்தது. முதலில் 20%, பிறகு 30%. நீண்ட கால முதலீட்டுக்கு வாசல் திறந்தே இருந்தது. இன்றைக்கு வந்து நாளைக்கு ஓடும் பணத்துக்கு மட்டும் வாசலில் ஒரு காவல். அன்று இதைப் பலர் குறை சொன்னார்கள். 2012-ல் ஐ.எம்.எஃப் அமைப்பே, சில சூழல்களில் இப்படிப்பட்ட கட்டுப்பாடுகள் பொருத்தமானவை என்று ஏற்றுக்கொண்டது.

1990-ல் 38.6% ஆக இருந்த அதிகாரபூர்வ வறுமை விகிதம் பத்தாண்டில் 20 சதவீதத்துக்கு அருகில் வந்தது. ஆனால் கல்வியும் ஓய்வூதியமும் பெருமளவு தனியார் கையிலேயே தொடர்ந்தன. 2019-ல் மெட்ரோ ரயில் கட்டணம் 30 பெசோ ஏறியதும் நாடே தெருவுக்கு வந்ததற்கு அந்தப் பழைய மனக்குறையும் ஒரு காரணம். வளர்ச்சி வந்தும் பகிர்வு நின்றுபோனால் கணக்கு பின்னால் வந்து நிற்கும்.

இலங்கையின் கையைக் கட்டியிருப்பது எது?

2019-ல் கோட்டாபய ராஜபக்ச அரசு மதிப்புக்கூட்டு வரியை 15-லிருந்து 8% ஆகக் குறைத்தது. வருமான வரியும் குறைந்தது. அது இடதுசாரி முடிவு அல்ல. வரியைக் குறைத்தால் வளர்ச்சி தானாக வரும் என்ற நம்பிக்கை. வளர்ச்சி வரவில்லை; கொரோனா வந்தது. அரசு வருவாய் சரிந்தது. வெளிநாட்டுக் கடன் சந்தையின் கதவு மூடியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளைக் கட்டுவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலர் ஐ.எம்.எஃப் திட்டம் ஒப்புதல் பெற்றது.

அதன் நிபந்தனைகள் இப்போதைய அரசையும் கட்டுகின்றன. 2025 முதல் வட்டி போக முதன்மை உபரி, நாட்டின் உற்பத்தி மதிப்பில் 2.3% இருக்க வேண்டும். அரசுக் கடன் 2032-க்குள் 95 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். மின்சாரத்தை அடக்க விலைக்குக் குறைவாக விற்கக் கூடாது. 2025 ஜனவரியில் 20% குறைக்கப்பட்ட மின்கட்டணம், ஜூனில் 15% திரும்ப ஏறியதற்குப் பின்னணி இதுதான். இதற்கு மேல், தள்ளிவைக்கப்பட்ட வெளிநாட்டு அரசுகளின் கடன் அசலை 2028 முதல் கட்டத் தொடங்க வேண்டும்.

டாலர் கணக்கையும் பார்த்துவிடலாம். 2024-ல் பொருள் ஏற்றுமதி சுமார் 1,280 கோடி டாலர். இறக்குமதி சுமார் 1,880 கோடி. நடுவில் 600 கோடிப் பள்ளம். அதை நிரப்பியவர்கள் யார்? வளைகுடாவிலும் மற்ற நாடுகளிலும் வீட்டுவேலையும் கட்டட வேலையும் பார்ப்போர் உள்பட, வெளிநாட்டில் உழைப்பவர்கள். அவர்கள் அந்த ஆண்டு அனுப்பியது சுமார் 657 கோடி டாலர். சுற்றுலா இன்னும் 317 கோடி கொண்டுவந்தது. நாட்டின் மூச்சு இந்த இரண்டிலும்தான் ஓடுகிறது.

ஏற்றுமதியிலும் ஆபத்து இருக்கிறது. ஆயத்த ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ 40% அமெரிக்காவுக்குப் போகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44% வரி என்று அறிவித்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் ஆகஸ்டில் 20% ஆனது. அந்தச் சில மாதங்கள் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களின் வேலை வாஷிங்டனில் எடுக்கப்படும் ஒரு முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது.

கட்டுக்குள் என்ன செய்யலாம்?

இந்த நாடுகளின் அனுபவத்திலிருந்து நான்கு வழிகள் தெளிவாகத் தெரிகின்றன. எதுவும் மந்திரம் இல்லை, எதற்கும் ஐ.எம்.எஃப் ஒப்பந்தத்தைக் கிழிக்கத் தேவையும் இல்லை.

முதல் வழி, வரி யாரிடம் என்பது. 2.3% உபரி வேண்டும் என்பது நிபந்தனை. அந்த உபரியைப் பால்மாவுக்கும் மருந்துக்கும் விதிக்கும் வரியில் எடுக்கலாம். சொத்திலும் பெரும் லாபத்திலும் எடுக்கலாம். இலங்கையில் மதிப்புக்கூட்டு வரி 2024 ஜனவரி முதல் 18%. மொத்த வரி வருவாயில் பெரும்பகுதி இப்படிப்பட்ட மறைமுக வரிகளே. 2025 பட்ஜெட் நல்ல ஓர் அடி எடுத்து வைத்தது: ஆண்டு வருமானம் 18 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்று வரம்பை 12 லட்சத்திலிருந்து உயர்த்தியது. ஆனால் வீடு, கட்டடச் சொத்துகளை வைத்திருப்போர் மீதான வரி, ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றிருந்தும், தள்ளிப்போடப்பட்டது. கடன் கொடுத்தவரே கேட்ட சொத்து வரியை ஓர் இடதுசாரி அரசு ஒத்திப்போடுவதற்கு "வேற வழியில்லை" என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, டாலரை மிச்சப்படுத்தும் முதலீடு. இலங்கை 2024-ல் எரிபொருள் இறக்குமதிக்கு மட்டும் 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. காற்றும் வெயிலும் தரும் ஒவ்வொரு யூனிட் மின்சாரமும் அதில் கொஞ்சத்தைக் குறைக்கும். மன்னார், பூநகரி பகுதிகளில் 484 மெகாவாட் காற்றாலை அமைக்க அதானி குழுமம் ஒரு யூனிட் 8.26 அமெரிக்க சென்ட் என்று முந்தைய அரசுடன் ஒப்பந்தம் செய்திருந்தது. புதிய அரசு விலையைக் குறைக்கக் கேட்டது. 2025 பிப்ரவரியில் குழுமம் விலகிக்கொண்டது. முதலீடு போச்சே என்றார்கள். அதே மன்னாரில் 50 மெகாவாட்டுக்குப் போட்டி டெண்டரில் ஓர் இலங்கை நிறுவனம் 4.65 சென்ட் கேட்டது. இரண்டு திட்டங்களின் அளவும் வேறு, செலவினங்களும் வேறு. அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் பேரம் பேசும் இடம் இருக்கிறது என்பது தெரிகிறது. ஒன்றையும் மறக்கக் கூடாது: காற்றாலைகளை எதிர்த்து மன்னார் மக்களே போராடினார்கள். உள்ளூர் மீனவர்களையும் விவசாயிகளையும் கேட்காமல் நடும் காற்றாலை, எந்தக் கொடியின் கீழ் நட்டாலும் பிரச்சினைதான்.

மூன்றாவது, ஒதுக்கிய பணத்தைச் செலவழிப்பது. கேட்க வேடிக்கையாக இருக்கும். 2025 பட்ஜெட் சாலை, நீர்ப்பாசனம், மருத்துவமனை போன்ற மூலதனச் செலவுக்கு நாட்டின் உற்பத்தி மதிப்பில் சுமார் 4% ஒதுக்கியது. ஆனால் அந்தச் செலவு திட்டமிட்ட வேகத்தில் நடக்கவில்லை. டெண்டர் தாமதம், முடிவெடுக்கத் தயங்கும் அதிகாரிகள் என்று காரணங்கள். உபரி இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று பெருமைப்படும்போது, அதில் ஒரு பங்கு கட்டப்படாத பாலத்தின் பணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே தடையாக இருப்பது வாஷிங்டன் அல்ல, கொழும்பு.

நான்காவது, எந்த இறக்குமதிக்கு டாலர் கொடுப்பது என்பது. 2020 முதல் தடை செய்யப்பட்டிருந்த வாகன இறக்குமதியை 2025 பிப்ரவரியில் அரசு திறந்துவிட்டது. கனமான வரி போட்டதால் கருவூலம் நிறைந்தது. அதே நேரம் 100 கோடி டாலருக்கு மேல் வெளியே போனது. வரி இலக்கை எட்ட காரை இறக்கு, டாலரைக் காக்க காரை நிறுத்து என்று இரண்டு கைகளும் எதிரெதிரே இழுக்கின்றன. சொத்து வரி வலுவாக இருந்தால், வரி வருமானத்துக்காகக் கார் இறக்குமதியை நம்பியிருக்கும் நிலை குறையும். முதல் வழியைத் தள்ளிப்போட்டதன் விலையை அரசு இங்கேதான் கொடுக்கிறது.

"முதலில் வளரட்டும், பிறகு பங்கிடலாம்"

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வரும். ஒன்று, முதலீட்டாளரைப் பயமுறுத்தாமல் முதலில் வளர வேண்டும். பங்கீடு எல்லாம் அப்புறம் என்பது. நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வறுமையில் இருக்கும்போது அந்த "அப்புறம்" எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை. சிலியின் 2019 அதற்கான எச்சரிக்கை. பிரேசில் தன் மிகக் கடுமையான சிக்கன ஆண்டிலேயே உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. வளர்ச்சி அதனால் கெடவில்லை.

இன்னொன்று, கடனையே தூக்கி எறிய வேண்டும் என்பது. அநியாயமான கடன்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் மருந்தும் டீசலும் அடுத்த வாரம் கப்பலில் வர வேண்டிய நாட்டுக்கு, தவணையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2022-ல் மக்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டார்கள். அந்த வரிசைகளில் முதலில் மயங்கி விழுந்தவர்கள் பணக்காரர்கள் அல்ல.

கையிருப்புக்கும் நிதி ஒழுக்கத்துக்கும் இடதுசாரிகள் கொடுக்க வேண்டிய மரியாதை இங்கிருந்துதான் வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டது. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நேரடிச் சேதம் 410 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. ஐ.எம்.எஃப் தந்த அவசர உதவி சுமார் 20.6 கோடி டாலர். மீதிக்கு நாடு தன் கையைத்தான் நம்ப வேண்டும். மறுசீரமைப்புக்காக 50,000 கோடி ரூபாய் துணை ஒதுக்கீட்டை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2022-ல் இதே புயல் அடித்திருந்தால் அப்படி ஓர் ஒதுக்கீட்டை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

அளவுகோல் எது?

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்களின் கூலி இந்தக் கேள்வியைச் சுருக்கமாகக் காட்டும். தேயிலை ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலர் ஈட்டித் தருகிறது. ஆனால் பறிப்பவரின் அடிப்படை நாள் கூலி 2025 வரை 1,350 இலங்கை ரூபாய். 2026 பட்ஜெட் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசே 200 ரூபாய் ஊக்கத்தொகை தரும் என்றது. மொத்தம் 1,750, ஆறு டாலர்கூட இல்லை.

உயர்வு நல்லதுதான். ஆனால் கூலியில் ஒரு பங்கை அரசு தன் கஜானாவிலிருந்து கொடுக்கிறது என்றால், வரி கட்டும் ஏழையும் அதற்குச் சேர்த்துக் கட்டுகிறார் என்று பொருள். தோட்டங்களில் பழைய செடிகளை மாற்றி நடுவது, மூட்டைத் தேயிலையாக அனுப்பாமல் கூடுதல் விலை பெறும் பொருளாக்கி விற்பது, தொழிலாளருக்குக் காணி உரிமை கொடுப்பது எல்லாம் நடந்தால் கூலியும் உயரும், டாலரும் கூடும். ஏழைக்குக் கொடுப்பதும் நாட்டை வளர்ப்பதும் ஒரே வேலையாவது அப்படித்தான்.

2028-க்குள் இலங்கைக்குக் கிடைத்திருப்பது ஓர் அவகாசம். இதுவரை அரசு கப்பலை மூழ்காமல் பிடித்திருக்கிறது. 2024-ல் 5% வளர்ச்சியும் வந்தது. அதற்கான பாராட்டை மறுக்கத் தேவையில்லை. ஆனால் கப்பலை மிதக்க வைக்க எந்த அரசும் முயலும். இடதுசாரி அரசிடம் மக்கள் கேட்பது இன்னும் இரண்டு விஷயங்கள்: பாரத்தைத் தோள் பெருத்தவர் மேல் ஏற்று, அடுத்த நெருக்கடிக்கு முன் சொந்தமாகச் சம்பாதிக்கும் வழியைக் கட்டு. ஐ.எம்.எஃப் இந்த இரண்டையும் தடுக்கவில்லை. தடுத்தால் அப்போது சண்டை போடலாம். அதுவரை, சொத்து வரி மசோதாவும் நிற்கும் டெண்டர் கோப்புகளும் கொழும்பு மேசைகளில்தான் கிடக்கின்றன.